தாளில் எழுதாத சாரி

நல்லபெருமாள் கீரையை ஆயாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரமத்தின் கம்பிக் கதவுக்கு வெளியே, வேப்பமர நிழலில் அவருடைய தம்பி வெள்ளைப்பாண்டி காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த குருவுக்கு இந்தச் சீடரைவிட எட்டு வயது குறைவு. கீரைத்தண்டைக் கிள்ளியபடி கேட்டார்.

“தம்பி உள்ளே வரவில்லையா?”

“நான் கூப்பிடவில்லை, சுவாமி.”

“எதற்கு வந்திருக்கிறார்?”

“நாளைக்கு அம்மாவுக்குப் பதினாறாம் நாள். மூன்று மணி பஸ்ஸில் என்னைக் கூட்டிப்போக வந்திருக்கிறான். நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் அம்மாவை எரித்தவன் அவன். கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்கவில்லை நான். மழை வரும் என்று அவசரப்பட்டானாம். விசாரித்தேன். அன்றைக்கு மழையே இல்லை. இப்போது வந்து ‘சாரிண்ணே’ என்கிறான்.”

“போதாதா?”

“எந்த சாரி என்று தெரிய வேண்டாமா? இருபத்தாறு வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். பஸ்ஸில் காலை மிதித்தவன் சொல்வது ஒரு சாரி. ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வரும் டாக்டர் சொல்வது வேறு. கடைக்காரர் ‘சாரி சார்’ என்றால் நடையைக் கட்டு என்று அர்த்தம். கூண்டில் நிற்பவன் வக்கீல் சொல்லிக்கொடுத்துச் சொல்வான்.”

“அதனால்?”

“அவனிடமே கேட்டேன். செய்தது தப்பு என்கிறாயா, வருத்தம் மட்டும்தானா, இல்லை ஊர் பேசும் என்ற பயமா? தாளைக் கொடுத்து, எழுதித் தா என்றேன்.”

குரு சிரித்துவிட்டார். “கோர்ட்டுக்கு இங்கேயும் ஒரு கிளை திறந்துவிட்டீர்கள். எழுதினாரா?”

“எழுதாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அதிலும் ஏதோ இருக்கிறது.”

குரு முறத்தை நகர்த்தி வைத்தார்.

“அம்மா எத்தனை வருஷம் படுக்கையில் இருந்தார்?”

“ஆறு.”

“யார் பார்த்துக்கொண்டது?”

“அவன்தான். அவன் பெண்டாட்டியும்.”

“நீங்கள்?”

“கோர்ட்டில் லீவு கிடைக்காது. தீபாவளி, பொங்கலுக்குப் போன் செய்வேன்.”

“என்ன சொல்வீர்கள்?”

நல்லபெருமாள் ஒரு தண்டை எடுத்தார். ஆயாமல் கீழே வைத்தார்.

“‘சாரிடா, இந்தத் தடவையும் வர முடியல’ என்பேன்.”

“அவர்?”

“‘பரவாயில்லண்ணே, அம்மா நல்லாத்தான் இருக்கா’ என்பான்.”

வெளியிலிருந்து குரல் வந்தது. “அண்ணே, மணி ரெண்டே முக்கால்! இதை விட்டா அடுத்த பஸ் ஆறு மணிக்குத்தான்.”

குரு மறுபடி கீரையைக் கையில் எடுத்தார்.

“ஆறு வருஷத்தில் ஒரு தடவையாவது உங்களிடம் அவர் தாள் நீட்டினாரா?”

நல்லபெருமாள் எழுந்து போய்க் கம்பிக் கதவின் கொக்கியை எடுத்தார்.