கன்னிமார் ஓடை ஊசித்தட்டான்

ஊசித்தட்டான்களைத் தேடித் தேடியே தலை நரைத்தவர் ரெபேக்கா நவமணி. தென்மலை ஓடைகளில் பறக்கும் நீலவால் ஊசித்தட்டான் தனி இனம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். ஆவுடையப்பன் அவரிடம் படித்தவன். அதே கல்லூரியில் மரபணு ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொண்டான்.

ஒருமுறை அந்தத் தட்டான்களின் மரபணுவைச் சோதித்தான். மேடம் ஒன்று என்றது ஒன்றல்ல, இரண்டு. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், கன்னிமார் ஓடையில் இருந்தது வேறு இனம்.

சோதனையைத் திரும்பச் செய்தான். அதே முடிவு. அவர் ஓய்வுபெறும் நேரம். பாராட்டு விழாவுக்கு அழைப்பிதழ்கூட அடித்தாயிற்று. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

அப்போதுதான் கன்னிமார் ஓடையைக் குழாயில் திருப்ப ஒரு திட்டம் வந்தது. அங்குள்ள பூச்சி வேறெங்காவது உண்டா என்று அதிகாரிகள் அவனிடம் கேட்டார்கள். மலை முழுக்க உண்டு என்று சொல்லிவிட்டான்.

மறுவருஷம் போனபோது ஓடையில் வெறும் பாறைதான் இருந்தது. வெயிலில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தான். எதுவும் பறக்கவில்லை. பக்கத்து ஓடைகளில் எல்லாம் அலைந்தான். கண்ணில் பட்டதெல்லாம் மற்ற இனம்தான்.

மேடத்தின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். தலை நிமிரவில்லை.

"அவங்க உன்கிட்ட கேட்டப்பவே தெரியுமா?"

"தெரியும் மேடம்."

அவர் எழுந்து போய்ப் பூச்சிப் பெட்டியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். இளவயதில் தானே பிடித்து, ஊசி குத்தி, ஒரே பெயரின்கீழ் அடுக்கியவை. கன்னிமார் ஓடையில் பிடித்ததைத் தனியே எடுக்கச் சொன்னார்.

பிடித்த இடம் எழுதிய சீட்டுகளைப் படித்துப் படித்து எடுத்தான். எடுக்கும்போது ஒன்றின் இறக்கை ஒடிந்து விழுந்தது. அதைப் பொறுக்கி எடுக்கவும் அவனுக்குக் கூசியது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் நெடுநேரம் பார்த்தார்.

"ரெண்டையும் ஒன்னுன்னு நான் சொன்னது தப்புதான். எழுதிப் போடு."

அவ்வளவு சுலபமாக அவர் சொன்னது அவனைச் சுட்டது.

"உங்க பேர் கெடக் கூடாதுன்னுதான் மேடம்..."

அவர் ஒடிந்த இறக்கையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். அவனே கேட்டான்.

"இதுக்கு என்ன பேர் வைக்கட்டும்?"

"என் பேரையே வை. நீ காப்பாத்துனது அது ஒன்னைத்தானே."