படியேறிய தேவாங்கு

அந்தக் காலத்தில், மனிதரும் விலங்குகளும் ஒரே மொழியில் பேசிக்கொண்டிருந்தபோது, வறண்ட மலையொன்றின் அடிவாரத்தில் சிலம்பாயி என்றொருத்தி வாழ்ந்தாள். அவள் கணவன் மலையாண்டி கம்பங்காட்டுக்குக் காவல் இருந்தான். கம்பு கதிர் தள்ளும் நாளில் பரணேறுகிறவன் அறுவடை முடியும்வரை வீடு திரும்பலாகாது என்பது அவ்வூர் வழக்கம். சற்று நேரம் பரண் காலியாகக் கிடந்தாலும் கிளிகள் இறங்கிவிடும்.

அந்த ஆண்டு அவன் புறப்பட்ட காலையில் இருவருக்கும் சண்டை மூண்டது. எதற்காக மூண்டது என்பது மாலைக்குள் அவளுக்கே மறந்துபோயிற்று; தான் கடைசியாகச் சொன்னது மட்டும் மறக்கவில்லை.

"அறுவடை முடிஞ்சாலும் இந்த வாசப்படிய மிதிக்காதீங்க, மாமா. அந்தப் பரணையே கட்டிக்கிட்டுக் கிடங்க!"

மலையாண்டியோ சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறவன். அறுவடை முடிந்ததும் மலைக்கு அப்பால் உள்ள அக்காள் ஊருக்கே போய்விடப் போகிறானாம். அணில் வந்து சொல்லிற்று.

"நான் கோவத்துல பேசினதுன்னு நீ போய்ச் சொல்லேன்" என்று சிலம்பாயி கெஞ்சினாள்.

"நேத்தே சொல்லிப் பாத்துட்டேன். பேசின வாயே வந்து சொல்லட்டும்ங்கறாரு. உன் வாய்க்கு நான் எங்க போவேன்?" என்றது அணில்.

அவளால் போகவும் முடியவில்லை. கம்பு பூத்துவிட்டது. கம்பம்பூவின் தூள் அவள் உடம்புக்கு ஆகாது. வரப்பை மிதித்ததுமே தும்மல் அடுக்கடுக்காக வரும். கண்கள் வீங்கி மூடிக்கொள்ளும். ஒரு சொல் முழுதாக வெளியே வராது. ஆகவே அவள் நாள்தோறும் ஊரெல்லையில் நின்று, தொலைவில் பரண்மேல் அசையும் சிறு உருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளிகளை விரட்டும் அவன் குரலைக் காற்று எப்போதாவது கொண்டுவரும். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே கிளிகள் வரட்டும் என்றுகூட நினைத்தாள்.

உசிலமரக் கிளையில் இருந்த தேவாங்கு அவளைக் கவனித்தது.

"என்ன தாயி, பாத்துப் பாத்தே உன் கண்ணும் என் கண்ணாட்டம் ஆயிடும் போலிருக்கே!"

சிரிக்க முயன்ற சிலம்பாயி அழுதுவிட்டாள். நடந்ததையெல்லாம் கேட்டபின் தேவாங்கு சொல்லிற்று: "உன் மூக்குக்குள்ள முரசுக்காரன் ஒருத்தன் இருக்கான். பூந்தூளத் திருடன்னு நெனச்சுக்கறான். அவனுக்குன்னு ஒரு கல்லு இருக்கு. அதுல உக்காந்தாத்தான் அவனால முரசடிக்க முடியும். முரசு கேட்டதும் தும்மலும் தண்ணியும் ஓடி வருது."

"அவனக் கொன்னு போட்டுடேன்!"

"நல்லாயிருக்கே! நெசத் திருடன் வந்தா யாரு கூப்பாடு போடறது? நான் அவன் கல்லுல போய் உக்காந்துக்கறேன். மரியாத தெரிஞ்சவன் அவன். ஆள் உக்காந்திருக்கற எடத்தக் கேக்கமாட்டான்."

அக்காலத்தில் தேவாங்குகள் எள்ளளவாய்ச் சுருங்க வல்லவை. ஆனால் முதல் நாள் சிலம்பாயி வரப்பை மிதித்துத் தும்மத் தொடங்கிய பிறகே அதை அழைத்தாள். உள்ளே போன தேவாங்கு உடனே திரும்பிவிட்டது. "அவன் முந்திக்கிட்டான். உக்காந்தவன எந்திரின்னு சொல்ல எனக்கு மட்டும் வாய் வருமா? நாளைக்குக் காட்டுப் பக்கம் திரும்பறதுக்கு முன்னாலயே கூப்பிடு."

மறுநாள் வீட்டிலேயே தேவாங்கு அவள் மூக்கினுள் நுழைந்தது. பேச்சுத்துணைக்குத் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டது. முரசுக்காரன் வந்து பார்த்தான். கல்லில் ஆள் இருக்கக் கண்டு, முரசைக் கக்கத்தில் இடுக்கியபடி ஓரமாக நின்றான். சிலம்பாயி கம்புக்குள் நடந்தாள். பூந்தூள் தோளில் மஞ்சளாய்ப் படிந்தது. தும்மல் வரவில்லை. கம்பம்பூவை அவள் அருகில் பார்த்தது அதுவே முதன்முறை. எனினும் அதைப் பார்க்க நிற்காமல் பரணை நோக்கி ஓடினாள்.

உள்ளே தங்கைத் தேவாங்குக்குச் சலித்துப்போயிற்று. மூக்கிலிருந்து தலைக்குப் படிகள் ஏறிச் சென்றன. மரத்திலேயே பிறந்து வளர்ந்த உயிர் படியைக் கண்டால் சும்மா இருக்குமா? ஏறிவிட்டது. உச்சியில் முரசுக்காரனின் தம்பி ஒரு கல்லில் அமர்ந்து, விழிப்பு என்னும் விளக்கின் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தான். எண்ணெய் வார்க்க அவன் எழுந்த சமயம் பார்த்துத் தங்கை அக்கல்லில் அமர்ந்தது. அவனும் அண்ணனைப் போலவே மரியாதைக்காரன்; இடத்தைக் கேளாமல் ஒதுங்கி நின்றான். திரி மங்கிற்று.

சிலம்பாயி ஏணியேறிப் பரணை அடைந்தாள். மலையாண்டி கவணைக் கீழே வைத்தான்.

"யாரது? வீட்டுக்கு வராதேன்னவளா?"

"மாமா..."

"சொல்லு புள்ள."

"அன்னிக்கு நான்..." அதற்குமேல் நாக்கு எழவில்லை. இமைகள் தாமாக இறங்கின. அவன் மடியில் சரிந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் இரை தேடும் பசியெடுத்துத் தேவாங்குகள் இரண்டும் வெளியேறின. முரசுக்காரன் தன் கல்லுக்குத் திரும்பினான். தன் தும்மலிலேயே சிலம்பாயி விழித்தாள். மேற்குப் பக்கக் கதிர்கள் எல்லாம் மொட்டையாக நின்றன. கிளிகள் இன்னும் கொத்திக்கொண்டிருந்தன. கவண் வைத்த இடத்திலேயே கிடந்தது.

"ஏன் மாமா வெரட்டல?"

"சத்தம் போட்டா நீ முழிச்சுக்குவியே."

"நான் அன்னிக்கு..." தும்மல். "நான் சொன்னது..." மீண்டும் தும்மல்.

"எறங்கு, எறங்கு. கண்ணு மூடிக்கப் போகுது" என்று அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். "அறுவடை முடியட்டும். நம்ம வீட்டுக்கு வந்து கேட்டுக்கறேன்."

சொல்ல வந்ததைச் சொல்லாமலே அவள் ஊரெல்லைக்குத் திரும்பி, இருட்டும்வரை பரணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று தேவாங்கு காட்டிய வழியில்தான், தும்மலை நிறுத்த நாம் விழுங்கும் மருந்து முரசுக்காரனை ஒன்றும் செய்யாமல் அவன் கல்லில் மட்டும் போய் அமர்கிறது. தங்கைத் தேவாங்கைப் போலத் தலைக்குப் படியேறத் தெரிந்த மருந்தாயின், பேசவேண்டியதைப் பேசவிடாமல் நம்மைத் தூங்கவும் வைத்துவிடுகிறது.