தகர ஷெட்டுக்குள் புதுக் கார்

தெய்வசிகாமணிக்குச் சொந்தமான தகர ஷெட்டின் முன்பாதியில் அமிர்தலிங்கம் சைக்கிள் கடை வைத்திருந்தான். பின்பாதியில் குடும்பத்தோடு குடியிருந்தான். மூன்று நாளில் புயல் என்று ரேடியோ சொன்னது.

"கூரைக் கொக்கியெல்லாம் துருப்பிடிச்சிருச்சு ஐயா. தகரம் பறந்தா பிள்ளைங்களோட எங்க போவேன்?"

புதுக் காரில் வந்திருந்த தெய்வசிகாமணி, எதிர் டீக்கடைக்கும் கேட்கும்படி சிரித்தார். "எந்தப் புயலுக்கும் அசையாத கூரைடா இது! பறக்கும்னு புயலுக்கு முன்னாடியே நிரூபி. மாத்தித் தர்றேன்."

அமிர்தலிங்கம் சைக்கிள்களை ஓரம் தள்ளினான். "அப்ப காரை உள்ள விடுங்க ஐயா. உங்க வாசல்ல தென்னை மரம் நிக்குது. புயல் முடியிறவரைக்கும் இங்கயே பத்திரமா இருக்கட்டும்."

"பைத்தியமா உனக்கு? இந்தத் தகரம் மேல விழுந்தா கார் என்னத்துக்கு ஆகும்?"

டீக்கடையே சிரித்தது.

"நிரூபிச்சாச்சு ஐயா" என்றான் அமிர்தலிங்கம். "கொக்கியை மாத்துங்க. கார் உள்ள வந்தாத்தான் வேலை சுத்தம்னு நம்புவேன்."

ஊர் பார்க்க அவரால் மறுக்க முடியவில்லை. மறுநாள் தெய்வசிகாமணியே ஏணியில் ஏறி, புதுக் கொக்கிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார்.

புயல் அவர் வாசல் தென்னையைத்தான் சாய்த்தது. ஷெட்டுக்குள் கார் நனையாமல் நின்றது. அதன் பின்னால் பிள்ளைகள் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.