சொரிமுத்து கை அளவு

சொரிமுத்து சைக்கிள் கடையில் வாய்தான் தேயும், ஸ்பேனர் தேயாது.

"என்கிட்ட ஒரு தடவ சீட் உயரம் வச்சவன் மறுபடி வந்ததில்ல வே" என்றார்.

தபால்காரர் தேவசகாயம் சைக்கிளை அவர் முன்னால் நிறுத்தினார். போன மாதம் சீட் வைத்தது இதே கடையில்தான். அன்று பிடித்த முட்டிவலி. திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ஊர் சுற்றுகிற வேலை போய்விடும். உள்ளே உட்கார்ந்து முத்திரை குத்த வேண்டும், போஸ்ட்மாஸ்டர் மூஞ்சிக்கு எதிரே. அதற்கு முட்டிவலியே தேவலை.

"சீட்டப் பாருங்க அண்ணாச்சி."

பார்க்கலாம், பறக்காதேயும் என்று சொரிமுத்து ஆரம்பித்தார். ஆலங்குளத்தில் ஒருத்தன், பனை உயரம். மிதித்தால் முட்டி தாடையில் இடிக்கும். இவர் சீட்டை ஏற்றிக் கொடுத்தார். அப்புறம் கரண்டுக் கம்பி வந்தால் அவன் குனிந்துதான் போவான்.

எப்படி ஏறுவான் என்று கேட்டார் தேவசகாயம்.

"மொட்டை மாடியிலேர்ந்து."

இறங்குவதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் அது ஒரு கதை.

அடுத்தது ஒரு வாத்தியார். இடதுகால் குட்டை. இடதுபக்கப் பெடலில் கட்டை வைத்துக் கொடுத்தாராம். மிதித்த மிதியில் கால் வளர்ந்து வலதைத் தாண்டிவிட்டது. கட்டையை வலதுபக்கம் மாற்ற வேண்டியதாயிற்று.

"யாரும் மறுபடி வந்ததில்லைன்னீங்களே?"

"அவரு எங்க வந்தாரு? நான்தான் போனேன்."

கடைசியாக, மூச்சு நின்று பாடை கட்டிய ஒரு பெரியவர். சொரிமுத்து ஹேண்டில்பாரை அரை விரல் இறக்கி ஆளைத் தூக்கி உட்கார வைத்தார். பெரியவர் மிதித்துக்கொண்டு பாபநாசம் போய்விட்டார். இப்போதும் வருஷா வருஷம் தன் திதிக்குச் சைக்கிளில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

"ஸ்டாண்டும் அவரேதான் போடுதாரு."

தேவசகாயத்துக்கு முட்டி விண்ணென்றது. அளவெடுங்கள் என்றார்.

சொரிமுத்து சீட்டை அக்குளில் இடுக்கிக் கையை நீட்டினார். நடுவிரல் பெடல் சக்கரத்து அச்சைத் தொட்டது. கை எட்டினால் கால் எட்டும், அதுதான் கணக்கு. சொரிமுத்துக்குக் கை முழங்கால் வரை தொங்கும். தேவசகாயம் குட்டை.

"கச்சிதம்."

"அண்ணாச்சி, அது உங்க கை."

சொரிமுத்து தன் கையைப் பார்த்தார். பிறகு தேவசகாயத்தின் கையைப் பார்த்தார்.

"தெரியும் வே. ரெண்டு மாசம் மிதியும். உமக்கும் இவ்வளவு வளந்திரும்."

தேவசகாயம் ஸ்பேனரைப் பிடுங்கினார். தன் அக்குளில் சீட், தன் விரலில் அச்சு. சீட் நாலு விரற்கடை இறங்கியது. முடுக்கி, ஏறி, தெருமுனை வரை போய்த் திரும்பினார். முட்டி பேசவில்லை.

ஸ்பேனரைக் கொடுத்தார்.

"வளந்தா வாரேன்."