லார்டு மார்ட்டிமரின் எஞ்சின்

மாவிலங்கைச் சமஸ்தானம் மிகச் சின்னது. ஆனால் வழக்கங்களுக்கு அங்கே குறைச்சலே இல்லை. பட்டத்து ராஜா ஓர் இரவுகூடக் கோட்டைக்கு வெளியே தங்கக்கூடாது என்பது ஒரு வழக்கம். பெண்ணின் கல்யாணத்தை மாப்பிள்ளை ஊரில்தான் நடத்த வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டையும் ஏற்படுத்திய புண்ணியவான்கள் கலந்து பேசிக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

அதனால்தான் மூத்த மகள் கல்யாணத்தில் ராஜா குலசேகர பூபதி அவமானப்பட்டார். அன்று விடியற்காலையில் சாரட்டில் கிளம்பினார். வழியில் அச்சு முறிந்தது. போய்ச் சேருவதற்குள் தாலி கட்டியாகிவிட்டது. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? ராஜாவுக்குப் பிடிக்காத பங்காளி! அன்றிலிருந்து ராணி ராஜாவோடு நேரே பேசுவதில்லை. எது சொல்வதானாலும் சமையற்காரர் மூலம்தான்.

இப்போது இளைய மகளுக்கு முகூர்த்தம் வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளை ஊர் மலைக்கு அந்தப் பக்கம். "இந்தத் தடவையும் என் பெண் கையை அந்தப் பங்காளிப் பயல் பிடித்துக் கொடுத்தான் என்றால் நான் உயிரோடு இருந்து பயனில்லை. ஒரு மோட்டார் வாங்குங்கள்!" என்றார் ராஜா. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

புது மோட்டாருக்குக் கஜானாவில் வழியில்லை. பழசாக இரண்டு வந்து அரண்மனை வாசலில் நின்றன.

ஒன்று லார்டு மார்ட்டிமர். ஆலம்பட்டு ஜமீன்தார் வைத்திருந்தது. சீமையில் பிரபுக்கள் ஏறுகிற வண்டி என்று பேர். முன்னால் பித்தளை விளக்குகள் தகதகவென்று மின்னின. அதைக் கொண்டுவந்த தரகர் திவான் ரங்கபாஷ்யத்தின் மைத்துனர்.

மற்றது டிப்லி. ஆலம்பட்டில் பிரசவம் பார்த்த டாக்டரம்மா ஊருக்குத் திரும்புவதால் விற்கிற வண்டி. சாணிப் பச்சை நிறம்.

"டிப்லியா?" என்று மூக்கைச் சுளித்தார் ராஜா. "பட்டாணிக் கடையில் விற்கிற பண்டம் மாதிரி இருக்கிறதே!"

"மார்ட்டிமர் என்றால் உலகமே எழுந்து நிற்கும் மகாராஜா. இதை எவன் கண்டான்?" என்றார் திவான்.

ராஜா, சபையில் விகடம் பேசும் ஆவுடையப்பர் பக்கம் திரும்பினார். "நீர் என்ன சொல்கிறீர்?"

"எனக்கு மாட்டைத் தெரியும், மோட்டாரைத் தெரியாது மகாராஜா. ஆனால் இரண்டும் ஆலம்பட்டுக் கடைவீதியில் புழங்கின வண்டிகள். அந்த வீதி வழியாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாமே!"

"பேஷாக ஓட்டலாம்! மார்ட்டிமருக்கு அங்கே என்ன மதிப்பு என்று மகாராஜா கண்ணாலேயே பார்க்கட்டும்!" என்று துள்ளினார் திவான்.

முதலில் டிப்லியில் போனார்கள். கடைவீதியில் ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை. வெற்றிலைக் கடைக்காரர் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நடுவீதியில் படுத்திருந்த நாய் மட்டும் கொஞ்சம் நகர்ந்து படுத்துக்கொண்டது.

"பார்த்தீர்களா, நாய்கூட மதிக்கவில்லை!" என்றார் திவான்.

பிறகு மார்ட்டிமரில் ஏறி வந்தார்கள். விளக்குகள் மின்னியதுதான் தாமதம், வீதியே அமளிதுமளிப்பட்டது. வெற்றிலைக் கடைக்காரர் கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்தார். நாவிதர் பாதிச் சவரத்தில் ஓடிவந்தார். சவரம் செய்துகொண்டவரும் பாதித் தாடியோடு பின்னாலேயே வந்தார். எல்லோரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே வரிசையாக வந்தார்கள்.

"என்ன மரியாதை! என்ன மரியாதை!" என்று திவான் பூரித்துப்போனார். ராஜா மீசையை முறுக்கிக்கொண்டார்.

அப்போது பக்கத்துக் களத்திலிருந்து ஒரு ஜோடி மாடுகள் தாமாகவே நடந்து வந்தன. வண்டிக்கு முன்னால் நின்று இரண்டும் கழுத்தைத் தாழ்த்தின. டிரைவர் பிரேக்கை அழுத்தினான்.

"வாயில்லா ஜீவன்கூட வணங்குகிறது மகாராஜா!" திவானுக்குக் குரல் தழுதழுத்தது.

ராஜாவும் உருகிவிட்டார். இறங்கி மாடுகளைத் தடவிக் கொடுத்தார். அதற்குள் மாட்டுக்காரர் சடையன் தோளில் வடக்கயிற்றோடு ஓடிவந்து கும்பிட்டார்.

"கும்புடுறேன் சாமி! இன்னிக்கு எங்க இழுத்து விடணும்? ஜமீனுக்கா, கொல்லன் பட்டறைக்கா?"

ராஜாவின் கை மாட்டின் முதுகிலேயே நின்றுவிட்டது.

பின்னாலிருந்து வெற்றிலைக் கடைக்காரர் கவலையோடு கேட்டார்: "தானா ஓடி வந்துச்சே சாமி! வண்டியில ஏதாச்சும் கோளாறா?"

ராஜா மெதுவாக, "டாக்டரம்மா வண்டிக்கு ஏனய்யா யாரும் எழுந்து வரவில்லை?" என்றார்.

"அது எதுக்கு நிக்கப் போவுது சாமி? மழையானாலும் புயலானாலும் அது பாட்டுக்குப் போவும், அது பாட்டுக்கு வரும். அது பேருகூட எங்களுக்குத் தெரியாது" என்றார் கடைக்காரர்.

ஆவுடையப்பர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "திவான் சொன்னது முழுக்கச் சரி மகாராஜா. மார்ட்டிமரை ஊரே அறியும். டிப்லியோ, யாராவது பேர் கேட்கிற அளவுக்கு எங்கேயும் நின்றதே இல்லை!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றே டிப்லியை வாங்கினார். "திவானே, புகழ்பெற்ற வண்டி வீணாகக்கூடாது. கல்யாணத்துக்கு நீரும் உம் மைத்துனரும் அதிலேயே வந்து சேருங்கள்!" என்று உத்தரவும் போட்டார்.

கல்யாணத்தன்று நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்க்குமுன்பே ராஜா மணப்பந்தலில் இருந்தார். ராணி ஏற இறங்கப் பார்த்தாள். "காபி சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள். நேராகவே கேட்டாள்! மகளின் கையைப் பிடித்துத் தாரை வார்த்தபோது எது தாரை நீர், எது ராஜாவின் கண்ணீர் என்று புரோகிதருக்கே தெரியவில்லை.

கடைசிப் பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் திவானும் வந்து சேர்ந்தார். முன்னால் சடையனின் மாடுகள் இழுக்க, பின்னால் மைத்துனர் தள்ள, நடுவில் பித்தளை விளக்குகள் தகதகக்க வந்தார்.

பந்தலே குலுங்கியது. ராஜா சிரித்துச் சிரித்து ஓய்ந்து, தம் தோளில் கிடந்த சரிகைச் சால்வையை எடுத்து ஆவுடையப்பருக்குப் போர்த்தப் போனார்.

"எனக்கு வேண்டாம் மகாராஜா" என்று கும்பிட்டார் ஆவுடையப்பர். மூச்சு வாங்க நின்ற மாடுகளைக் காட்டினார். "பாவம், மலையேறி வந்திருக்கிறது. லார்டு மார்ட்டிமரின் எஞ்சினுக்குப் போர்த்துங்கள்!"