விலையும் இலையும்

எங்க மடத்து அடுப்பு அணைஞ்ச சரித்திரமே கிடையாது. மலைக்கோயிலுக்கு நடந்து போறவங்க பசின்னு வந்து வெறும் வயித்தோட திரும்பினதும் கிடையாது. அந்த அடுப்புக்குப் பொறுப்பு நான், பேச்சி. பெருமையாத்தான் சொல்றேன், சொன்னா என்ன?

மடத்துக்குத் தலைமை உலகம்மை அம்மா. வயசு நாப்பதுகூட ஆகலை. அவங்களைத் தேடிச் சீடரா வந்த கனகசபாபதி அண்ணாச்சியோ அறுபதைத் தொட்டவர். பம்பாயில பிறந்து, வளர்ந்து, அங்கேயே ஒரு மில்லுல ஸ்டோர் பார்த்தவர். தமிழ் நல்லாப் பேசுவார். ஆனா நம்ம பேச்சோட நெளிவு சுளிவு அவருக்குப் பிடிபடாது.

பண்டம் வைக்கிற அறையை நாங்க உக்கிராணம்னு சொல்லுவோம். அதோட சாவியை இடுப்புல செருகுறவர்தான் அம்மாவுக்கு அடுத்தபடி. அண்ணாச்சிக்கு அந்தச் சாவி மேல கொள்ளை ஆசை.

ஒருநாள் கேட்டே கேட்டுட்டார். "அம்மா, உக்கிராணச் சாவியை எப்போ தருவீங்க?"

"பண்டத்தை முதல்ல மூணு வகையாப் பிரிங்க," அம்மா சொன்னாங்க. "தினமும் பார்க்க வேண்டியது, அப்பப்போ பார்க்க வேண்டியது, பார்க்கவே வேண்டாதது."

அண்ணாச்சி வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு இறங்கினார். சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். முதல் அலமாரியில குங்குமப்பூ, ஏலக்காய், முந்திரி. அதுக்கு ஒரு பூட்டு வேற! அரிசி மூட்டை ஓரத்துல கிடந்தது.

அம்மா குங்குமப்பூ டப்பாவை எடுத்து அவர் கையில கொடுத்தாங்க. "நாளைக்கு மதியப் பந்திக்கு இதைப் பரிமாறுங்க."

"இதையா? பாயசத்துல ஒரு சிட்டிகை போடுவோம், அதோட சரி."

"வருஷத்துக்கு எத்தனை டப்பா?"

"இது ஒண்ணுதான்."

"அரிசி?"

அண்ணாச்சி மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"விலையைப் பார்த்தீங்க," அம்மா சொன்னாங்க. "இலையைப் பார்க்கலையே."

மனுஷன் கெட்டிக்காரர்தான். ராத்திரியே புரிஞ்சுக்கிட்டார். ஒரு பண்டத்தோட விலை என்ன, வருஷத்துல அது எவ்வளவு இலைக்குப் போகுது, ரெண்டையும் பெருக்கிப் பார்த்தார். அரிசி, பருப்பு, எண்ணெய் முதல் அலமாரிக்கு வந்துச்சு. புளி, வத்தல், வெல்லம் நடுவுல. உப்பு, கடுகு, மஞ்சள், தீப்பெட்டி எல்லாம் கடைசி. அந்தக் கடைசி அலமாரிக் கதவுல சாக்பீஸால பெருசா எழுதினார்: 'பார்க்க வேண்டாம்.'

அரிசியைக் காலையில ஒருதரம் பார்ப்பார். தேவைக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமா வரவழைப்பார். வண்டு விழுறது நின்னுச்சு, பருப்புத் தட்டுப்பாடு வந்து நான் கையைப் பிசையுறதும் நின்னுச்சு. உள்ளதைச் சொல்லணும், எனக்கே அவரைப் பார்த்தா பெருமையா இருந்துச்சு. அம்மா எல்லார் முன்னாலயும் சாவியைக் கொடுத்தாங்க. அண்ணாச்சி நடையே மாறிப் போச்சு.

தைப்பூசத்துக்கு முந்தின நாள். நான் உக்கிராண வாசல்ல நின்னு சொன்னேன். "அண்ணாச்சி, உப்பு நிறைஞ்சிருக்கு."

"ரொம்ப சந்தோஷம்," அப்படின்னுட்டு அவர் அரிசியை அளக்கப் போயிட்டார்.

எப்படியும் வாங்கிடுவார்னு நானும் அடுப்பைப் பார்க்கப் போயிட்டேன். விடிஞ்சு சாம்பார் கொதிக்குது, உப்புச் சாடி துடைச்சு வச்ச மாதிரி இருக்கு!

"அண்ணாச்சி, உப்பு எங்கே?"

"நிறைஞ்சிருக்குன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

"அதைத்தான் சொன்னேன்! ஒரு பண்டம் தீர்ந்து போச்சுன்னா அடுப்படியில அப்படித்தான் சொல்லுவாங்க. 'இல்லை'ங்கிற கெட்ட வார்த்தையை வாயால சொல்லுவாங்களா?"

அவர் சாடிக்குள்ள எட்டிப் பார்த்தார். "மலிவுதானே, வேணும்கிறப்போ ஒரு படி வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன்."

வெளியே காவடிக்காரங்க பாதம் வெடிச்சு, தொண்டை வறண்டு வந்து உட்கார்ந்துட்டாங்க. இலை போட்டாச்சு. எத்தனை வருஷப் பேரு, இன்னிக்குக் கப்பலேறப் போகுதே!

அம்மா அண்ணாச்சியைப் பந்தி முனைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. குரலை உசத்தலை. "இலையில முதல்ல எதை வைப்பாங்க?"

"உப்பை."

"வைங்க."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். "அம்மா, உப்பு இல்..." மீதியை அப்படியே விழுங்கிட்டார். தோள் துண்டை உருவிக்கிட்டுச் சரிவுல இறங்கி ஓடினார்.

கீழூர்க் கடைக்காரனும் பூசத்துக்குப் போயிருந்தான். அண்ணாச்சி வீடு வீடா நின்னு கையை நீட்டியிருக்கார். "உப்பைக் கையில தரமாட்டோம், சண்டை வரும். துண்டை விரிங்க," அப்படின்னாங்களாம் பொம்பளைங்க. அறுபது வயசு மனுஷன், மில்லுல அத்தனை பேரை அதட்டினவர், வாசல் வாசலாத் துண்டை விரிச்சிருக்கார்.

பாயசத்தை முன்னால கொடுத்துப் பந்தியை நான் தாக்காட்டிக்கிட்டு இருந்தேன். மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். மூட்டையைப் பிரிச்சா கல்லுப்பும் தூளுப்பும் கலந்து கிடக்கு. சாம்பாருக்கு நான் அள்ளிக்கிட்டேன். மீதியை அவரே குனிஞ்சு ஒவ்வொரு இலையிலயும் வச்சார். அன்னிக்கும் யாரும் பசியோட போகலை. எங்க மடம்னா சும்மாவா!

மறுவாரம் உப்பளத்துலேருந்து ஒரு வண்டி வந்து நின்னுச்சு. இடுப்பு உசரச் சாடிகள்ல அண்ணாச்சி உப்பைக் கொட்டினார். "வண்டு வராது, கெட்டுப் போகாது, விலையும் பெருசு கிடையாது. ஏன் ஒரு படி வாங்கினேன்?" அப்படின்னு தன்னைத்தானே திட்டிக்கிட்டார். கடுகு, மஞ்சள், தீப்பெட்டிக்கும் அதே கதைதான், வருஷத்துக்கு வேண்டியதை மொத்தமா வாங்கிப் போட்டார்.

அப்புறம் ஈரத்துணியோட போய் அந்தக் கடைசி அலமாரிக் கதவு முன்னால நின்னார். 'பார்க்க வேண்டாம்'கிற சாக்பீஸ் எழுத்து அப்படியே இருந்துச்சு. அந்த நேரம் பார்த்து அம்மா வந்தாங்க.

"என்ன பண்றீங்க?"

"தப்பா எழுதினதை அழிக்கப் போறேன் அம்மா."

அம்மா ஒரு சாடிக்குள்ள கையை விட்டாங்க. முழங்கை வரைக்கும் உப்புல புதைஞ்சுது. கையை எடுத்து உதறிட்டு, அவர்கிட்டேருந்து ஈரத்துணியை வாங்கிக்கிட்டாங்க.

"இன்னிக்குத்தான் அது நிஜமாச்சு. இருக்கட்டும்."