இரண்டு இசக்கியம்மாள்

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் இரண்டு அறைகள். ஏழு பேர் வேலை செய்யும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி அது. நடத்துபவள் நஸ்ரின், வயது முப்பத்தொன்று. கடைசியாகச் சேர்ந்தவர் தேவசகாயம், வயது நாற்பத்தாறு.

அவர் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் பத்தொன்பது வருடம் இருந்தவர். ஆட்குறைப்பில் வேலை போனது. ஊர் திரும்பியபோது, கற்றிருந்ததெல்லாம் பழசாகிவிட்டிருந்தது. நஸ்ரின் பக்கத்தில் நாற்காலி போட்டு, ஆனா ஆவன்னாவிலிருந்து சொல்லிக் கொடுத்தாள். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

சேர்ந்த வாரமே கேட்டார்: "நான் எழுதுறதை யாரு சரிபார்ப்பாங்க மேடம்? அங்கே அதுக்குன்னே ஒரு மாடி நிறைய ஆள் இருந்தாங்க."

"முதல்ல நீங்க பாருங்க அண்ணாச்சி. பிறகு நான் பாக்கேன்."

ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு அவர்கள் மென்பொருள் செய்து கொடுத்திருந்தார்கள். யாருக்கு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்தப் படுக்கை என்று அது பட்டியல் போடும். சில பெயர்கள் இரண்டு தடவை வருவதாக மையத்திலிருந்து புகார் வந்தது. தேவசகாயம் பத்து வரி எழுதினார். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் ஒன்று நீங்கிவிடும். நஸ்ரினும் பார்த்தாள். சரி என்றாள்.

செவ்வாய்க்கிழமை அந்த மையத்துக்கு வர வேண்டிய இசக்கியம்மாள்கள் இரண்டு பேர். ஒருத்தி பேட்டை. இன்னொருத்தி களக்காட்டுக்கு அந்தப் பக்கம். களக்காட்டுக்காரியின் பெயர் பட்டியலில் இல்லை. அவள் படுக்கையையும் பட்டியல் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தது. அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. நஸ்ரின் மையத்தோடு பேசி, மறுநாள் காலை அவளுக்கு இடம் வாங்கினாள். பத்து வரியையும் அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.

புதன்கிழமை காலை தேவசகாயம் ஒரு கடிதத்தோடு வந்தார். வேலையை விடுவதாக நாலு வரி. நஸ்ரின் வாங்கிப் படித்தாள். மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"இதைப் பிறகு பேசுவோம். வண்டியில ஏறுங்க."

"எங்க மேடம்?"

"மையத்துக்கு."

ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். அத்தனை வருட வேலையில், தான் எழுதியதைப் பயன்படுத்தும் ஒரு ஆளைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை.

இசக்கியம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். கையில் ஊசி குத்தியிருந்தது. பக்கத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முகம் இன்னும் வீங்கியே இருந்தது.

நஸ்ரின் கட்டிலருகே போய் நின்றாள்.

"நேத்து உங்க பேரு விட்டுப்போனது எங்களால அம்மா. இவர் தேவசகாயம். இவர் எழுதினார். நான் பாத்துட்டு சரின்னு சொன்னேன்."

தேவசகாயம் இதை எதிர்பார்க்கவில்லை. கம்பெனி பெயரைச் சொல்வாள், கம்ப்யூட்டர் கோளாறு என்பாள் என்று நினைத்திருந்தார்.

இசக்கியம்மாள் அவரையே பார்த்தாள்.

"ராத்திரி பூரா படுக்க முடியல சார். மூச்சு வாங்கிச்சு. எம்மவன் உக்கார வச்சே விசிறிக்கிட்டு இருந்தான்."

அவர் கட்டிலுக்கு அருகே வந்தார். "தப்பு என்னோடதும்மா" என்றார்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இந்த ஏழு மணின்னு போடுறதும் நீங்கதானா?"

"அது... எங்க பட்டியல்தாம்மா."

"எங்கூருல இருந்து முதல் பஸ்ஸு இங்க வந்து சேர ஏழே முக்கால் ஆகும். நான் வந்து படுக்கிற வரைக்கும் போன நேரத்தைக் கழிச்சிடுதாங்க. நாலு மணி நேரம் ஓட வேண்டியது எனக்கு மூணேகால்தான் ஓடுது. ரெண்டு வருசமா சிஸ்டர்கிட்ட சொல்லுதேன். கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்குங்காங்க."

தேவசகாயம் நர்ஸைப் பார்த்தார்.

"ஏழு, பன்னெண்டு, அஞ்சு. இந்த மூணுதான் சார் அதுல வரும். வேற நேரம் போட்டா ஏத்துக்காது. பன்னெண்டும் அஞ்சும் இவங்களுக்கு இடமில்லாம நிரம்பிடுச்சு," என்றாள் நர்ஸ்.

அவர் சட்டைப்பையைத் துழாவினார். காகிதம் என்று இருந்தது அந்தக் கடிதம்தான். அதன் பின்பக்கத்தில் பஸ் நேரத்தை எழுதிக்கொண்டார். ஒருமுறை அவளிடம் வாசித்துக் காட்டினார். அவள் தலையாட்டினாள்.

வெளியே வந்து நஸ்ரின் வண்டியை எடுத்தாள். அவர் ஏறவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்?"

"கேளுங்க."

"எம் பேரைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே. கம்பெனி சார்புல மன்னிப்புன்னு சொன்னாப் போதாதா? எதுக்கு என்னைக் கொண்டுபோய் அந்தம்மா முன்னால நிறுத்தினீங்க?"

நஸ்ரின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

"நிறுத்தலைன்னா, அந்த பஸ் நேரத்தை அவங்க யார்கிட்ட சொல்லியிருப்பாங்க அண்ணாச்சி?"